இரண்டாவது தாம்பாளம்

அண்ணே,

நேற்று மதினி உங்கள் வெற்றிலை டப்பாவை என் கையில் கொடுத்தார். திறந்ததும் அதே வாசம். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கலந்து, நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலவே இருந்தது. உள்ளே காகிதத்தில் மடித்த ஒரு ஜோடித் தோடு, மிளகு அளவுதான். "அஞ்சு வருசமா யாரும் தொடக்கூடாதுன்னுட்டாரு. இனி உன் பாடு" என்றார் மதினி. உங்கள் சோழவந்தான் வீட்டு வாசலிலேயே நின்று அழுதேன். நீங்கள் இருந்திருந்தால், "தோட்டைப் பாத்து அழுகுற பொம்பளைய இப்பத்தான்த்தா பாக்குறேன்" என்று கிண்டல் செய்திருப்பீர்கள்.

கப்பலூர் கம்பெனியில் நான் பேக்கிங், நீங்கள் மிஷின். இருவரும் ஒரே வேனில் போய் வந்தோம். விடியற்காலையில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு, நகமெல்லாம் பச்சையாக ஓடி வந்து ஏறுவீர்கள். தினமும் உங்களால் வேன் ஐந்து நிமிடம் தாமதம், தினமும் நான் சண்டை போட்டேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஊரில் உங்கள் தெருவும் என் தெருவும் ஒன்றாகப் புழங்கியதும் இல்லை. இருந்தும் என் கல்யாணத்துக்கு அண்ணன் சீர்த் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தீர்கள். உங்கள் பங்காளிகள் ஆறு மாதம் பேசவில்லை. "பேசாட்டி என்ன, காதுக்கு நிம்மதியா இருக்கு" என்றீர்கள்.

கல்யாணமாகி மஸ்கட் போய் எட்டு வருடம் ஓடியும் பிள்ளை இல்லை. தத்து எடுப்போம் என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவெடுத்து ஊருக்கு வந்து சொன்னபோது, "யாரு பெத்த பிள்ளையோ" என்று மாமியார் இழுத்தார். நீங்கள்தான் கேட்டீர்கள்: "ஏன் அத்தை, என்னை யாரு பெத்தா? உங்க மருமகளைப் பெத்தவளா பெத்தா? நான் அவளுக்கு அண்ணன் இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்." மாமியார் காபி போடப் போனார். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டேதான், "பிள்ளை வரட்டும். என் மடியில வச்சுத்தான் காது குத்தணும், சொல்லிட்டேன்" என்றீர்கள். மறுவாரமே தோடு வாங்கிவிட்டீர்கள். கைக்குழந்தைக்கான தோடு.

பிறகு, தத்துக்குப் பதிவு செய்ததும் எங்களுக்குக் கிடைத்த அந்த வரிசை எண். வெள்ளிக்கிழமை ஆனால் போன் வந்துவிடும். வைகையில் தண்ணீர் வரத்துக் கேட்பது போல, "நம்பர் எம்புட்டு இறங்கியிருக்கு?" என்பீர்கள். சில மாதம் அது அசையவே அசையாது. "கம்ப்யூட்டரு தூங்குதுபோல, தட்டி எழுப்பச் சொல்லு" என்பீர்கள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அந்த நற்சான்றுக் கடிதத்தை மறப்பேனா? எங்களைத் தெரிந்த ஒருவர் எழுதித் தர வேண்டும் என்றார்கள் தத்து அலுவலகத்தில். உங்களைக் கேட்டேன். 'விண்ணப்பதாரருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'தாய்மாமன்' என்று எழுதி அனுப்பிவிட்டீர்கள். கோப்பு மொத்தமும் திரும்பி வந்தது. ஒன்றரை மாதம் வீண். போனில் உங்களிடம் கத்தித் தீர்த்தேன். நீங்கள் அசையவில்லை. "இம்புட்டுப் பேப்பரும் யாருக்காகத்தா? பிள்ளைக்காகத்தான? அப்ப பிள்ளைக்கு நான் என்ன முறைன்னுதான எழுதணும்?" என்றீர்கள். கடைசியில் 'குடும்ப நண்பர்' என்று திருத்தி எழுதினீர்கள், இரண்டு வாரம் என்னோடு முறைத்துக்கொண்டு.

நான்காம் வருடம், கைக்குழந்தைதான் வேண்டும் என்பதை விட்டோம். ஐந்தாம் வருடம் ஒரு போட்டோ வந்தது. வேறு மாவட்டத்துக் குழந்தைகள் இல்லத்தில் நான்கு வயதுப் பெண். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. பார்த்தவுடன் எங்கள் மகள் என்று தெரிந்துவிட்டது. அடுத்த நொடி அவள் காதைப் பார்த்தேன். இரண்டு காதும் குத்தியிருந்தது, துளை தூர்ந்துவிடாமல் யாரோ வேப்பங்குச்சி செருகியிருந்தார்கள்.

உங்களிடம் இதை எப்படிச் சொல்வது? ஐந்து வருடமாக மடியைத் தயாராக வைத்திருந்த மனிதர். கோழைத்தனம்தான், முடி காதை மறைத்திருந்த வேறொரு போட்டோவை அனுப்பினேன். உடனே போன் வந்தது. "காதை ஏன் மறைக்கிற? பிள்ளைக்குக் காது கேக்காதா? கேக்காட்டிப் போகுது, நாம சத்தமாப் பேசிக்கிருவோம்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அந்த முதல் போட்டோவை அனுப்பினேன். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "குத்தயில யாரோ ஒரு ஆளு மடியில வச்சுப் பிடிச்சிருக்கு. அழுதா விட்டுட்டுப் போகாம குச்சியும் போட்டுவிட்டிருக்கு. அப்ப எனக்கு முன்னாடியே பிள்ளைக்கு ஒரு மாமன் இருந்திருக்கான்த்தா. கோயிலுக்குப் போகும்போது அவனுக்கும் ஒரு தாம்பாளம் வையி."

இரண்டு மாதம் கழித்து, கொடிக்காலில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எனக்கு மிச்சமிருந்த விடுப்பை எடுத்தால் அவளை அழைக்க வர முடியாது. மஸ்கட்டிலேயே இருந்துவிட்டேன். உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வரவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணே.

காகிதங்களுக்காக இதற்கு முன் இரண்டு முறை பறந்து வந்தோம். இரண்டு முறையும் அவனியாபுரம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ என்று வந்து விமான நிலைய வாசலில் வெற்றிலைக் கட்டோடு நின்றீர்கள். "நல்ல காரியத்துக்கு வந்த பிள்ளைகளை வெறுங்கையோடயா கூப்பிடுறது?" மூன்றாம் முறை, அவளை அழைக்க வந்தபோது, கூட்டத்தில் உங்கள் துண்டைத் தேடினேன். தேடக்கூடாது என்று தெரிந்தேதான் தேடினேன்.

தத்து உத்தரவு கைக்கு வந்துவிட்டது. அவள் எங்களோடு வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் செருப்பைக் கழற்றாமலே தூங்கினாள். இப்போது கழற்றுகிறாள்.

இன்று காலை குலசாமி கோயிலில் இரண்டு தாம்பாளம் வைத்தோம். மதினி கீழே உட்கார்ந்து உங்கள் துண்டை மடியில் விரித்தார். "உன் மாமன் துண்டு. வாத்தா, உக்காரு." அவள் என்னைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். நான் குச்சியை எடுத்துவிட்டுத் தோட்டைப் போட்டேன்.

"அன்னைக்கு வலிச்சுச்சு. இன்னைக்கு வலிக்கல" என்றாள்.

"அன்னைக்கு உன்னை யாருடா பிடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "தெரியல. முட்டாய் குடுத்தாங்க."

மாமியார் எழுந்து போனார். கோயில் வாசல் கடையிலிருந்து கை நிறைய மிட்டாய் வாங்கி வந்து இரண்டாவது தாம்பாளத்தில் வைத்தார். அண்ணே, "யாரு பெத்த பிள்ளையோ" என்ற அதே மாமியார். மகள் அதிலிருந்து ஒன்றை எடுத்தாள். தின்னப் போகிறாள் என்று நினைத்தேன். உங்கள் தாம்பாளத்தில் வைத்தாள். "இந்த மாமாவுக்கும்."

அவள் பாஸ்போர்ட் வந்ததும் மூவருமாக மஸ்கட்டுக்குப் புறப்படுவோம். அவளுடைய காகிதங்களை எல்லாம் இப்போதுதான் ஒரு கோப்பில் அடுக்கி முடித்தேன். உத்தரவு, பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சீட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பி வந்த உங்கள் கடிதத்தை வைத்திருக்கிறேன். அவள் யார், எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்கே தெரியாத காலத்தில் 'தாய்மாமன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அவள் கோப்பில் முதல் தாள் அதுதான்.