நீ கேட்ட கேள்வி

நேற்று என் ஆலோசனை அறைக்கு வந்த ஒரு தாய் மேசைமேல் வைத்த தாளில் உன் பெயர் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஏதோ பள்ளியில் பெற்றோருக்குக் கொடுத்த தாள். பகலில் தூங்கும் தந்தையைப் பிள்ளைகள் இறந்தவராகவே உணர்கின்றனர் என்று நீ சொல்கிறாயாம். நீ இறந்து மூன்று வருடமாகிறது. இன்னும் நிகழ்காலத்தில் பேசிக்கொண்டிருக்கிறாய்.

அது தொடங்கியது நாம் இருவரும் ஷிப்டுத் தொழிலாளர் குடும்பங்களை ஆய்வு செய்த நாட்களில். ஒரு வீட்டில் நைட் ஷிப்டு முடித்து வந்தவர் முகம்வரை போர்த்திப் படுத்திருந்தார். பிள்ளைகள் ஓசையில்லாமல் அவரைத் தாண்டித் தாண்டி நடந்தன. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், "பொணம் கெடக்கற ஊடு மாரி இருந்துச்சுடி. அதுங்களுக்கு இன்னா தோணும்?" என்றாய். கேள்விதான் கேட்டாய். கட்டுரையைத் தட்டச்சு செய்த நான், உன் பெயரை முதலில் போட்டு, அதை நம் ஆய்வு முடிவாக எழுதிவிட்டேன்.

அச்சான பிறகுதான் பார்த்தாய். திட்டவில்லை. "நாம எந்தப் புள்ளயையும் கேக்கவே இல்லியே" என்றாய். ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினாய், பதில் வரவில்லை. அதற்குள் ஒருவர் நம்மை மேற்கோள் காட்ட, அவரை இன்னொருவர் காட்டினார். பிறகு வந்த ஒரு கட்டுரையில், தூங்கும் அப்பாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் சிறுமி ஒருத்தி தோன்றினாள். அடுத்ததில் அவளுக்கு இத்தனை வயது என்றும் வந்தது. அதற்கடுத்ததில் ஒரு தம்பி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், "அந்தப் பொண்ணு யாருடி? நாம பாக்கலியே" என்று கேட்டாய்.

நேற்று வந்தவளின் புருஷனுக்கும் நைட் ஷிப்டு. அவர் பகலில் தூங்குவதைப் பார்க்காதிருக்க மகனை ஆரணியிலுள்ள அக்கா வீட்டில் விட்டிருக்கிறாள். "படிச்சவங்க எழுதிக்கீறாங்களேன்னு பயந்துட்டேன் மேடம். அவரும் சரின்னுட்டாரு. இப்ப பகல்ல படுக்கவே கூசறாரு."

அது உண்மையில்லை, தப்பாக எழுதியது நான்தான் என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். பையன் எடுத்தான்.

"ஊட்டுக்கு வந்துடுறியா கண்ணு?"

"அப்பா தூங்குறாரா?"

"ஆமா."

"மூச்சு வுடுறாராம்மா?"

அந்தத் தாளை அவன் எதிரிலேயே சத்தமாகப் படித்ததாகப் பிறகு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் அவளும் ஆரணிக்குப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டாள். போகிறேன். பையனிடம் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிப் பார்க்கிறேன்; நீ இருந்தவரை உன்னிடமும் சொல்லாமலே விட்ட ஒன்றுதான் அது. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு.