பானெட் விழவில்லை

ஜூன் 3, 1974. திங்கள்.

வெயில். கத்திரி முடிந்ததாகப் பஞ்சாங்கம். வெயிலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

ராணுவ ரெக்கார்ட் ஆபீசிலிருந்து பதில். இனி ரெ.ஆ. முழுதாக எழுதும் அளவுக்கு அதற்கு யோக்கியதை இல்லை. காயப் பதக்கம் கேட்டு மனுப் போட்டதற்குப் பதக்கம் வரவில்லை, இரண்டு கேள்வி வந்திருக்கிறது.

1. எங்கள் பதிவில் உமது காயம் "வண்டி பழுதுபார்க்கையில் விபத்து". எதிரியால் ஏற்பட்டது என்பதற்கு மருத்துவச் சான்று எங்கே?
2. எங்கள் பதிவில் காயம் வலது பிட்டம். நீர் அனுப்பிய உள்ளூர்ச் சான்றிதழில் வலது கால். எது?

எதுவாம்! உடம்பு என்னுடையது, சந்தேகம் அவர்களுடையது.

நடந்தது இவ்வளவுதான். பங்களாதேஷ் சண்டை. மூன்று டன் லாரி, எஞ்சினுக்கு டீசல் தள்ளும் ஃபீட் பம்பில் வேலை. பானெட்டைத் தூக்கி முட்டுக்கம்பி கொடுத்து உள்ளே குனிந்திருந்தேன். தலை எஞ்சினில், மீதி வெளியில். ஷெல் விழுந்தது. சில்லு மீதியில் பாய்ந்தது. மருத்துவ முகாம் கிளார்க் கேட்டான்: "என்ன செய்துகொண்டிருந்தாய்?" "வண்டி ரிப்பேர்." எழுதிக்கொண்டான். ஏன் ரத்தம் என்று அவன் கேட்கவே இல்லை.

அந்த ஒரு வரி டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. பஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி அதைத்தான் முதலில் படித்தார். "வண்டில கை வெக்கும்போது ஆக்சிடென்ட் ஆனவனா? கிரீஸ் வேல பாரு. எஞ்சின் பக்கம் வராத." அதிலிருந்து கிரீஸ், டயர், பஸ் கழுவல். ஆறு வருஷம் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் இறக்கி ஏற்றியவன் நான்.

மேஸ்திரி இன்றும் ஆரம்பித்தார். "இன்னா மிலிட்டரி, பானெட்டு உழுந்துச்சாமே?"

"பானெட் விழுந்தா தலையில விழும் மேஸ்திரி. அங்க எப்படி விழும்?"

"அதான்பா எனுக்கும் புரியல. நீ எப்டி நின்னுக்கினு இருந்த?"

நின்று காட்டினேன். ஷெட்டே சிரித்தது. இனி யாருக்கும் நின்று காட்டுவதில்லை.

ஜூன் 4. செவ்வாய்.

காலையில் தெரு முழுக்கத் தறிக்கான பாவு நூலை விரித்திருந்தார்கள். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓரமாகவே நடந்து கவுன்சிலர் வீடு. உள்ளூர்ச் சான்றிதழ் அவர் கொடுத்தது. ஒட்டி அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்ததால் நான் படிக்கவில்லை.

"காலுன்னு ஏன் எழுதினீங்க?"

"தம்பி, உங்கம்மா வெள்ளிக் காலு வாங்கிக்கினு போயி உண்டியல்ல போட்டத தெருவே பாத்துச்சு. காலுதானே?"

"இல்லை. பின்பக்கம்."

"தெரியும்பா." குரலைத் தாழ்த்தினார். "வீரனுக்குப் பின்னால காயம்னு என் கைப்பட எழுதுனா, நாளைக்கு மேடையில மறத் தமிழன், மார்புல வேல் தாங்கினவன்னு நான் எப்டிப் பேசறது? தெரு மானம் இருக்குது. யோசிச்சேன். மார்புன்னே போட்டிருப்பேன். உன் நன்மைக்காவத்தான் காலோட நிறுத்திக்கினேன்."

நன்றி சொல்லவில்லை. காபி கொடுத்தார். குடித்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். ஏன் கால்?

"நீ அடிபட்டுக் கெடக்கறேன்னு தந்தி வந்த அன்னிக்கே வேண்டிக்கினேன்டா, அடிபட்ட எடத்த வெள்ளில செஞ்சி போடறேன்னு. கடைல கண்ணு இருக்குது, கையி, காலு, வயிறு இருக்குது. அந்த எடத்துக்கு அச்சே இல்ல. இருந்தாலும் அத சாமி முன்னால எப்டிடா வெக்கிறது? பக்கத்துல இருக்கறது காலு. சாமிக்குத் தெரியாதா?"

சாமிக்குத் தெரியும். ரெ.ஆ.வுக்குத் தெரியவில்லை.

ஜூன் 5. புதன்.

சான்று தேடல். ராணுவ ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சில்லு வெள்ளையாகத் தெரியும் படம். அதை அனுப்பினால் முதல் கேள்விக்கும் பதில், இரண்டாவதற்கும் பதில்.

பெட்டியில் இருந்தவை: யூனிஃபார்ம் 1, பூட்ஸ் 1 ஜோடி, வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ், மக், பாச்சை உருண்டை. படம் இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தக் கறுப்பு அட்டையா? பத்தருகிட்ட குடுத்தேனே."

பத்தர் என்றால் பழைய பட்டுப்புடவையின் ஜரிகையை எரித்து உருக்கி வெள்ளி எடுக்கிறவர். எக்ஸ்ரே படத்திலும் வெள்ளி உண்டு என்று அவர்தான் அம்மாவிடம் சொன்னாராம். உண்மைதான், வெள்ளி உப்புப் பூச்சு. கடுகளவு தேறும்.

"கடையில வாங்குன காலு மெல்லிசா இருந்துச்சு. உன் படத்த எரிச்சி அதுல வர்ற வெள்ளிய அடில பத்தவெச்சிக் குடுங்கன்னேன். உன் ஒடம்புப் படமே சாமிக்குப் போனா விசேஷம்தானேடா?"

"அம்மா, அதுதான் சாட்சி."

"சாமிக்கு மேல இன்னாடா சாட்சி?"

பதில் என்னிடம் இருந்தது, சொன்னால் இரண்டு நாள் சோறு கிடைக்காது. அப்பா தறியிலிருந்து எட்டிப் பார்த்தார், அடிமிதி வேகமாயிற்று. சிரிக்கிறார்.

ராத்திரிச் சாப்பாடு கத்தரிக்காய் கொத்சு. நன்றாக இருந்தது. கோபமாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 8. சனி.

யோசித்துப் பார்த்தால் மடத்தனம். படம்தான் போயிற்று, சில்லு இன்னும் உள்ளேயே இருக்கிறது. எடுத்தால் நரம்பு போகலாம் என்று அப்போது விட்டுவிட்டார்கள். மரபெஞ்சில் உட்கார்ந்தால் அது இருக்கும் இடம் எனக்குத் தெரியும். இன்னொரு படம் எடுத்தால் தீர்ந்தது.

ஆஸ்பத்திரி. சீட்டு எழுதும் இடத்தில் எங்கள் தெருக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்து, வரிசையைத் தாண்டி உள்ளே அனுப்பினார். சீட்டைப் பார்க்காமல் போனது என் தப்பு இல்லை, வரிசைக்காரர்கள் திட்டிய அவசரம்.

எக்ஸ்ரேக்காரர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கச் சொன்னபோதே ஏன் கால் என்று கேட்டேன். "சும்மா இருப்பா, சீட்டுல இன்னா எழுதிக்கீதோ அதான் எடுப்பேன்." கிளிக்.

படம் வந்தது. மிக ஆரோக்கியமான வலது கால். சீட்டில்: "ஏகாம்பரம், வ. கால், போர்க் காயம்."

சீட்டு எழுதியவரிடம் போனேன். "இத்த மாத்துங்க. வேற இடம்."

"எந்த எடம்?"

காட்டினேன்.

"அங்கியா? தெருவே காலுன்னு சொல்லுது, நீ இன்னாமோ..." பெருமூச்சு. "ஃபிலிம் தீந்துபோச்சி. திங்கக்கெழம வா."

ஜூன் 10. திங்கள்.

லேசான தூறல். ஷெட்டில் அரை நாள் லீவு. மேஸ்திரி: "எத்தினி படம்டா எடுப்ப, ஹீரோவா?"

இந்த முறை நானே சீட்டு எழுதினேன். படம் தெளிவு. இடுப்பெலும்புக்குக் கீழே, பூசணி விதை அளவு, ஓரம் பிசிறாக. இரண்டரை வருஷம் கழித்து ஒரு பழைய எதிரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

டாக்டர் இன்னும் சந்தோஷப்பட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "மேலாப்ல வந்துடுச்சுப்பா. நரம்புப் பக்கம் இல்ல. மரக்க ஊசி போட்டு இன்னிக்கே எடுத்துடறேன். படு."

"வேணாம் சார்."

"ஏன்? வலிக்காது."

"ராணுவ டாக்டர்கள் போர்டு பார்க்கற வரைக்கும் அது அங்கேயே இருக்கணும்."

"ஏம்பா, உள்ள குண்ட வெச்சிக்கினு எடுக்காதீங்கன்னு சொல்றவன இப்பதான் பாக்கறேன்." நர்ஸைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். நர்ஸ் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆனால் நல்ல மனிதர். "உலோகச் சில்லு, வலது பிட்டம், வெடிகுண்டுச் சிதறலுக்கு ஒத்தது" என்று எழுதிக் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன் மூன்று முறை படித்தேன். பதிவுத் தபால்.

ஜூன் 27. வியாழன்.

மெட்ராஸ். ரெ.ஆ. சொன்னபடி டாக்டர்கள் போர்டு முன் ஆஜர். பஸ்ஸில் வழி நெடுக நின்றே போனேன். கண்டக்டர் கேலி.

மேசைக்குப் பின் மூன்று பேர். நடுவில் கர்னல், வடக்கத்தியார், வெள்ளை மீசை. பேச்சு இந்தியில், தமிழில் எழுதிவைக்கிறேன்.

"கால் எப்படி இருக்கிறது?"

"கால் நன்றாக இருக்கிறது, சார். அதற்கும் படம் இருக்கிறது."

படங்களைப் பார்த்தார். அவர்களுக்குள் பேச்சு. பிறகு: "எந்த நிலையில் இருந்தாய்? காட்டு."

காட்டுவதில்லை என்று எடுத்த முடிவு போயிற்று. மேசைதான் லாரி. குனிந்தேன். அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்த ஆள் கதவைத் திறந்தான், அப்படியே மூடிக்கொண்டு போனான்.

"ஷெல் சத்தம் கேட்டதும் ஏன் படுக்கவில்லை?"

"டீசல் குழாயை இணைக்கும் யூனியன் நட் பாதி ஏறியிருந்தது, சார். விட்டால் மறை மாறி ஏறும். அப்புறம் டீசல் ஒழுகும், வண்டி நகராது. பின்னால் பன்னிரண்டு வண்டி. முன்னால் நின்றது இது."

"அடிபட்ட பிறகு?"

"நட்டை முடுக்கினேன்."

"பிறகு?"

"விழுந்தேன்."

"வண்டி?"

"ஓடியது, சார். அதிலேயே என்னைக் குப்புறப் போட்டு எடுத்துப் போனார்கள். வழியில் எங்கும் நிற்கவில்லை. ஃபீட் பம்ப் நன்றாக இருந்தது."

கர்னல் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து "விபத்து" என்ற வரியை அடித்து, மேலே எழுதினார். தலைகீழாகப் படித்தேன். எதிரியின் ஷெல் சில்லு. கையெழுத்து. மற்ற இருவரும் கையெழுத்து.

"பதக்கம் சிபாரிசு செய்கிறோம். வரும். தாமதமாகும். வேறு ஏதாவது?"

"அந்த வரி மட்டும் டைப் அடித்து ஒரு நகல், சார்."

"ஒரு வரியா? எதற்கு?"

"முதலாளிக்கு."

ஜூன் 28. வெள்ளி.

கண் எரிச்சல். தூக்கம் இல்லை. காலையிலேயே நகலை முதலாளி மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு, உதடு அசையப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"அப்போ உன் வேலைல தப்பு இல்ல."

"இல்லை."

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னேன். நீங்க புத்தகத்தை நம்பினீங்க."

மேஸ்திரி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். முதலாளி நகலை மடித்து என்னிடமே நீட்டினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி:

"நாலாம் நம்பர் வண்டி ஒரு வாரமா பொகையா கக்கிக்கினு இருக்குது. ஓரிக்கை ட்ரிப்பு போவணும். இன்னான்னு பாரு."

பார்த்தேன். இன்ஜெக்டர் இரண்டு போச்சு. கழற்றியாயிற்று. கை முழுக்க டீசல்.