தேதி போட்ட கையெழுத்து

அன்பு மகனுக்கு,

உன் அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை, உனக்குத் தகவலாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் செத்துப்போய்விட்டதாக நீ மேடையேறிச் சொன்னதைப் போன வாரம் பார்த்தேன். உன் அம்மாவும் நலம். தன்னையாவது உயிரோடு விட்டுவைத்தாயே என்று உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். நம் டிரைவிங் ஸ்கூலுக்குப் புதிதாக வரும் பல் டாக்டரம்மா சிக்னலில் வண்டி நின்றதும் ரோட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். என்னம்மா என்றேன். போனை நீட்டி, சார், இந்த போட்டோல இருக்கறது நீங்கதானே, நீங்க இறந்துட்டீங்கன்னு ஒருத்தர் அழறாரேன்னு கேட்டாள். பச்சை விழுந்து பின்னாலிருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடிக்கிறார்கள், இவள் கிளட்ச்சை விட்டு வண்டியை அணைத்துவிட்டாள், நான் என் சாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போயும் போயும் என் லைசென்ஸ் போட்டோவா கிடைத்தது உனக்கு? அதில் எவனும் பிணம் மாதிரிதான் இருப்பான்.

வீட்டுக்கு வந்து முழுசாகப் பார்த்தேன். பெரிய ஹால், முன் வரிசையில் பணம் போட வந்த கனவான்கள், நடுவில் நீ கறுப்பு பனியனோடு. கீழே விழுந்தால் வீட்டாரைக் கூப்பிடும் கைப்பட்டை, நல்ல பொருள்தான், நான் குறை சொல்லவில்லை. அதைச் சொல்லி விற்க வாயில்லாமல் அப்பனை விற்றிருக்கிறாய். குளியலறையில் விழுந்து, கேட்பாரில்லாமல் விடியும்வரை கிடந்து செத்தேனாமே! சோப்பு வழுக்கி மணிக்கட்டு பிசகியது, அவ்வளவுதான். நான் கத்துவதற்கு முன்னாலேயே உன் அம்மா வந்து நின்று, கண்ணு எங்க வச்சிருக்கீங்கன்னு திட்ட ஆரம்பித்துவிட்டாள். மறு வாரமே ஒரு கையைக் கட்டிக்கொண்டு வகுப்பெடுத்தேன். உனக்கும் இதெல்லாம் தெரியும். அன்றைக்கு போனில், பாத்துக்கோங்கப்பா, மீட்டிங் இருக்குன்னு வைத்தவன்தானே நீ. அந்த முன் வரிசைப் பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வருஷத்துக்கு எத்தனை பேர் இப்படி விழுவாங்கன்னு கேட்டார். நீ லட்சக்கணக்கில் சொன்னதும் அவர் முகம் எப்படி மலர்ந்தது பார்த்தாயா? அந்த மூஞ்சிகளுக்காகவா நான் செத்தேன், த்தூ!

அம்மா முதலில் சிரித்தாள். திரும்பப் போடச் சொன்னாள். உன் குரல் உடையும் இடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டி, இருக்கீங்களான்னு கேட்கிறாள். இல்லை, வெளியூர் போயிருக்கேன்னு கத்தினாலும் நகர்வதில்லை.

இதற்கு நடுவில் உன் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மூன்று வருஷம் முன்பு கம்பெனி தொடங்கும்போது ஆள் கணக்குக்காக என் பெயரையும் பங்குதாரராகச் சேர்த்தாயல்லவா, அந்தப் பங்கை உனக்கே எழுதிக்கொடுப்பதாக ஒரு காகிதம் வருமாம், அது இல்லாமல் பணம் போடுபவர்கள் பணத்தைக் கண்ணில் காட்ட மாட்டார்களாம். அங்கிள், கையெழுத்து மட்டும் போடுங்க, தேதி போடற இடத்த அப்படியே விட்டுடுங்கன்னு சொன்னாள் பாவம், காரணம் அவளுக்குத் தெரியாது. எனக்கும் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நீ சொன்ன கதைப்படி நான் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கு முந்தைய தேதி ஒன்றை நீயே போட்டுக்கொள்வாய். அட கெட்டிக்காரா! இவ்வளவு மூளையையும் அந்தக் கைப்பட்டையில் போட்டிருந்தால் அழவே தேவையில்லையே.

நன்றாகத்தான் அழுதாய், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாளைக்கு நான் நிஜமாகவே போனால் என்ன செய்வாய்? ஆபீஸை மூடினால் பணம் போட்டவர்கள் ஏனென்று கேட்க மாட்டார்களா? உனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் துக்கம் கேட்டு முடித்துவிட்டார்களே. அன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்வாய்?

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பங்கு உன்னுடையதுதான், பிள்ளையிடம் பிடுங்கிக்கொள்ள நான் உன் முன் வரிசைக்காரன் இல்லை. தேதியும் போட்டிருக்கிறேன். இன்றைய தேதி. அதை அவர்களிடம் நீட்டுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். வேறு காகிதம் அனுப்பினால் அதிலும் அன்றைய தேதிதான் போடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, வீடியோவில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறாய். நூறு வயசுக்கு நன்றாயிரு, உன்னை வைத்து எவனும் கதை கட்டாமல் இருக்கட்டும். பதில் எனக்குப் போட வேண்டாம், மறக்காமல் அம்மாவை போனில் கூப்பிடு. இதைத் தபாலில் போடுமுன் குளித்துவிடலாம் என்று பார்க்கிறேன். அவள் இப்போதே குளியலறைக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இப்படிக்கு,
இன்றைய தேதிக்கு உயிரோடிருக்கும்
உன் அப்பா