விரத நாள் ஊசி

ஜூலை 12, 1948

ரஞ்சிதத்துக்குக் காய்ச்சல் காலை 100.2, மாலை 102. க்ஷயம் என்று புருஷன் வீட்டார் என் நாத்தனாரைத் திருப்பி அனுப்பி இன்றோடு ஐம்பது நாள். ஸ்ட்ரெப்டோமைசின் இன்றுதான் கிடைத்தது. தினம் இரண்டு ஊசி. கம்பவுண்டர் துரைக்கண்ணு வந்து போடுகிறார். ஒரு வேளை விட்டாலும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று அரக்கோணத்து டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

ஜூலை 17

மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். வயல் மண்ணில் வாழும் நுண்ணுயிராம். வேறு கிருமி பக்கத்தில் அண்டாதபடி அது கக்குவதுதான் மருந்தாம். அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். வாய் சும்மா இருந்ததா எனக்கு?

"மண்ணுப் புழு கக்கனதா? கிருத்திகைக்கு மாலை போட்டுகினு இருக்கற ஊட்லயா?" என்று அத்தை எழுந்துவிட்டார். பெற்ற மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. சாமி மேல் பயம் அதிகம்.

ஜூலை 20

மாலை 100. இறங்குகிறது!

ஜூலை 27

நாளை மறுநாள் ஆடிக் கிருத்திகை. துரைக்கண்ணு காவடி எடுக்கிறார். "அன்னிக்கி ஊசியத் தொடமாட்டம்மா. ஒரு நாள்தானே, முருகன் பாத்துக்குவான்." என் வீட்டுக்காரரும் தலையைச் சொறிந்துகொண்டு "ஒரு நாள்தானே" என்கிறார்.

ஒரு நாளாம். கிருமியும் விரதம் இருக்கப் போவுதா இன்னா?

துரைக்கண்ணுவை நான் விடவில்லை. செய்து காட்டச் சொன்னேன். வாழைத்தண்டில் பன்னிரண்டு தடவை குத்திப் பழகினேன்.

ஜூலை 29, ஆடிக் கிருத்திகை

நானும்தான் விரதம். தலை முழுகி, கும்பிட்டு, ஊசியைக் கொதிக்க வைத்தேன். அத்தை அறை வாசலை மறித்தார்.

"இன்னிக்கி ஊசி குத்துனா சாமி கண்ணக் குத்தும், தாயாரு."

"புத்துமண்ணு பிரசாதம்னு இவ நெஞ்சுல என்னப் பூசச் சொன்னீங்களே அத்தை, அது இன்னா? அந்த மண்ணுல இருக்கற சாமி இந்த மண்ணுல இல்லன்னு யார் சொன்னது? குத்தட்டும், என் கண்ணக் குத்தட்டும்! நவுருங்க!"

பதினேழு வருடத்தில் அத்தையை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அவரை விலக்கி உள்ளே போய்க் காலை ஊசியைப் போட்டேன். மாலையும் போட்டேன். முருகா, தப்பென்றால் என்னைக் கேள். அவளை விட்டுவிடு.

செப்டம்பர் 9

காதுக்குள் வண்டு கத்துகிறது என்கிறாள் ரஞ்சிதம். நடை தள்ளாடுகிறது. மருந்துதான் காரணமாம். நிறுத்தினால் காது தப்பலாம், உயிருக்கு உறுதி இல்லை என்கிறார் டாக்டர். முடிவை அவளிடமே விட்டேன். காது அவளுடையது.

"அம்மா திட்றது கேக்காம போச்சுன்னா சுகந்தானே அண்ணி? போடு."

அவள் சிரித்தாள். எனக்குத்தான் முடியவில்லை.

அக்டோபர் 3

98.4. இரண்டு வேளையும்.

டிசம்பர் 5

சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். கொல்லையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ரஞ்சிதம் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். மே மாதத்திலிருந்து நோய் ஒட்டுமென்று அவள் சோற்றுத் தட்டைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவர் அவள் தோளைத் தொட்டார். கையை எடுக்காமலே உள்ளே அழைத்து வந்தார்.