மூன்று பேரில் அவனை ஏன் எடுத்தீர்கள், அயித்தை?

என் உயிரான அயித்தைக்கு,

சிகப்பி எழுதுகிறேன். இந்தக் கடிதம், பண்டிகை முடிந்த பிறகு வருகிற நம் ஊர்ப் பொங்கல் மலரில் அச்சாகப் போகிறது. நாலு பேர் படிப்பார்கள், படிக்கட்டும். நான் பொறாமைக்காரி என்பது பள்ளத்தூரில் யாருக்குத் தெரியாது?

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கழிந்துவிட்டது. காரைக்குடியில் எல்லோரும் சுகம். என் மாமியாருக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகியிருக்கிறது, ஆனால் அடுப்படியில் நான் முணுமுணுப்பது மட்டும் நன்றாகக் கேட்கிறது. பெரியவன் பட்டணத்தில் வேலைக்குப் போய்விட்டான். சின்னவளுக்கு உங்கள் மூக்கு, என் வாய். இதையெல்லாம் சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகிப் பண்டிகை வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நாலு வயதில் என்னைப் பெற்ற ஆத்தா இறந்து போனாள். அப்பச்சி, அதாவது என் தகப்பனார், என்னைத் தன் தங்கையான உங்களிடம் விட்டுவிட்டு மலேயாவுக்குக் கப்பலேறினார். அவர் திரும்பவில்லை, சாவுச் செய்திதான் வந்தது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. உங்களுக்கோ கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. அத்தனை பெரிய வீட்டில் நாம் இரண்டே பேர்.

பால் திரட்டிக் கிண்டினால் சட்டியின் அடிச்சுரண்டல் எனக்குத்தான். அது என் சொத்து. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை நீங்கள் மடியில் போட்டுக்கொண்டால் நைசாகப் போய்க் கிள்ளிவிட்டு வருவேன். "ஏன்டி கிள்ளுன? ஒன் எடத்த எவளும் தூக்கிட்டுப் போயிருவாளாக்கும்?" என்று என்னையும் சேர்த்து மடியில் இழுத்துக்கொள்வீர்கள். ஒருநாள் உங்களை "ஆத்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். உங்கள் முகம் மாறிப்போயிற்று. "வேணாம் கண்ணு. ஒன்னப் பெத்தவ ஒருத்தி இருந்தா. அந்தப் பேர அவளுக்கே வச்சுரு" என்றீர்கள். சரியென்று அயித்தை என்றே கூப்பிட்டேன். மனதுக்குள் எப்படிக் கூப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

கல்யாணம் கட்டிக் காரைக்குடிக்கு வந்த பிறகு, ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்களே சீர் கொண்டுவந்தீர்கள். வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஓலைக் கொட்டான் நிறையப் பலகாரம். கரும்பைப் பஸ்ஸில் ஏற்றுவதற்குக் கண்டக்டரோடு சண்டை. பிறந்த வீட்டுச் சீர் வராத மருமகள் எங்கள் வீடுகளில் வாய் திறக்க முடியாது. நீங்கள் முகப்பில் ஏறி நின்று குரல் கொடுத்தால் அந்த வருஷம் முழுக்க எனக்குத் தலை நிமிர்ந்திருக்கும்.

அப்புறம்தான் அந்த அறுபத்தைந்தாம் வருஷம் வந்தது. அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலம். உங்கள் வீட்டுப் பங்காளிகள் கூடி, குலம் விளங்க ஓர் ஆண்பிள்ளை வேண்டும், பிள்ளை கூட்டியே ஆக வேண்டும் என்றார்கள். பிள்ளை கூட்டுவதென்றால் கணவர் வழிப் பங்காளிகளில், ஒரே குலக் கோயிலைச் சேர்ந்தவர்களில் ஒரு பையனைச் சுவீகாரம் எடுப்பது. நான் பெண், அதிலும் அண்ணன் மகள், வேறு கோயில். என் பெயரை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

மூன்று பையன்களைக் கூட்டிவந்து வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார வைத்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதல் பையன் பி.ஏ. படித்தவன், எலுமிச்சம்பழ நிறம். இரண்டாமவன் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை. மூன்றாவது சாத்தப்பன். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவன், கட்டைக் குட்டை, கறுப்பு. மீசைகூட வைத்திருந்தான். நீங்கள் ஒவ்வொருவரிடமும் குனிந்து ஏதோ கேட்டீர்கள். எனக்குக் காதில் விழவில்லை. கடைசியில் சாத்தப்பனைக் காட்டினீர்கள்.

ஏன் அவனை? அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்க வாய் வரவில்லை. சுவீகாரச் சடங்கில் நீங்கள் கிண்ணத்தில் மஞ்சள் நீர் கொடுத்தீர்கள். அவன் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா" என்றான். நான் இத்தனை வருஷம் மனதுக்குள் மட்டும் கூப்பிட்ட பெயர் அது, அயித்தை. ஒரு வாய் தண்ணீரில் அவனுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

அதற்குப் பிறகு நான் வந்தபோதெல்லாம் அவன்தான் வாசலில் நிற்பான். "வாங்க ஆச்சி" என்பான். எங்கள் வழக்கத்தில் அக்காளை ஆச்சி என்போம். நான் வளர்ந்த வீட்டில் நேற்று வந்தவன் என்னை வா என்று சொல்வதா? அடுப்படியில் நான் உட்காரும் இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். சுரண்டல் சட்டி அவன் முன்னால் இருந்தது. நான் வருவதைக் குறைத்துக்கொண்டேன். காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் நடுவில் கடலா கிடந்தது? பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவன் கல்யாணத்துக்கு என்னை அழைக்க நீங்களே வந்தீர்கள். "மாப்பிள்ளைக்கு அக்காளா நின்னு நீதேன் நாத்தி முடிச்சுப் போடணும்டி" என்றீர்கள். "நான் ஒங்க அண்ணன் மக. அவன் கூடப் பிறந்தவளா?" என்றேன். நீங்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தீர்கள். கல்யாணத்துக்கு வந்தேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வேறு எவளோ முடிச்சுப் போட்டாள். நீங்கள் மணவறையிலிருந்து கூட்டத்தில் யாரையோ தேடித் தேடிப் பார்த்தீர்கள். என்னைத்தானே அயித்தை?

பிறகு உங்களுக்குக் கை கால் விழுந்தது. கஞ்சி ஊட்டியது, புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அவனும் அவன் பெண்டாட்டியும். நான் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து விருந்தாளி மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனேன். உங்களுக்குப் பேச்சும் குழறிப்போயிருந்தது. நீங்கள் சொல்வது அவனுக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை. அவன் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். அந்தப் பொறாமையை எங்கே கொண்டுபோய்ச் சொல்ல?

போன பொங்கல் துக்கத்தில் போயிற்று. இந்தப் பொங்கல் நெருங்கியதும் மாமியார், "ஒன் பொறந்த வீடு அம்புட்டுத்தேன் போலருக்கு" என்றார். எகத்தாளமாகச் சொல்லவில்லை, பாவம், வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது. நானே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பானை வாங்கி வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

போகியன்று காலையில் முகப்பில் யாரோ கரும்பைச் சாத்துகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சாத்தப்பன். தலையில் பானை, தோளில் மஞ்சள் கொத்து, கையில் ஓலைக் கொட்டான். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"பொங்கப்பான ஆச்சி. போன வருசம் துக்கம், கொண்டாரக் கூடாதுன்னாக."

"ஒன்ன யாரு கேட்டா?"

அவன் கோபப்படவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு, "ஆத்தா கேட்டாக. பிள்ள கூட்ட வந்த அன்னைக்கே கேட்டாக" என்றான்.

அப்போதுதான் அயித்தை, அன்று வளவில் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

"எங்க மூணு பேருட்டயும் ஒரே கேள்விதேன். அக்கா தங்கச்சி இருக்காகளான்னாக. மொதப் பையன் அண்ணன் தம்பிதேன், பொம்பளப்பிள்ள இல்லைன்னான். ரெண்டாமவன், இருக்காக, சீர் செனத்தியெல்லாம் அப்பச்சி பாத்துக்குவாகன்னான். நான், மூணு ஆச்சிமாரு, பொங்கலுக்கு நாந்தேன் பான தூக்கிட்டுப் போவேன், பஸ்ஸுல கரும்ப ஏத்த மாட்டேன்னா நடந்துருவேன்னேன். ஆத்தா சிரிச்சுட்டாக. 'எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, காரைக்குடியில. எனக்கப்பறம் அவ வாசல்ல போய் நிப்பியா?'ன்னாக. நிப்பேன்னேன். அம்புட்டுத்தேன் ஆச்சி."

"என்ன சொன்னாக? இன்னொரு தரம் சொல்லு."

"அவ வாசல்ல போய் நிப்பியான்னு..."

"அது இல்ல. அதுக்கு முன்னால."

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கான்னாக."

முகப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குக் கொள்ளி வைக்க ஆள் தேடினீர்கள் என்றுதான் ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் எனக்குப் பிறந்த வீடு தேடிக்கொண்டிருந்தீர்கள்.

"இத ஏன்டா இத்தன வருசம் எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன்.

"ஆத்தாதேன் வேணாம்னாக. 'சொன்னா, சீர் சொமக்க ஆளு பிடிச்சீகளா, அப்ப ஒங்களுக்கு வர நோகுதான்னு அதுக்கும் சண்டைக்கு வருவா'ன்னாக." பிறகு தரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான். "அப்பறம் எனக்கும் சொல்லப் பிடிக்கல ஆச்சி. ஒங்க மேல எனக்குப் பொறாம. கொழம்பு கொதிச்சா சிகப்பிக்குப் பிடிக்கும்பாக. மழ பேஞ்சா சிகப்பி நனையுவாளேம்பாக. நாந்தேன் பக்கத்துலயே உக்காந்துருக்கேன். நான் நனஞ்சா ஒரு வார்த்த கெடையாது."

அயித்தை, அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! என் வாழ்நாளில் யாரும் எனக்கு இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. அன்று பால் திரட்டிக் கிண்டியிருந்தேன். அவனை அடுப்படியில் உட்கார வைத்துச் சுரண்டல் சட்டியை எடுத்துக் கொடுத்தேன். முழுதும் இல்லை, பாதிதான். மீதியை அவன் கண்ணெதிரிலேயே நான் தின்றேன்.

ஆனாலும் பொறாமை போய்விட்டது என்று எழுதமாட்டேன். நீங்கள் எந்தப் பக்கமாகப் படுத்தால் தூக்கம் வந்தது? கடைசிக் கார்த்திகைக்கு விளக்கு வைத்தபோது எழுந்து பார்த்தீர்களா? என்னைத் திட்டினீர்களா? குழறலாக இருந்தாலும் பரவாயில்லை, என்னவென்று திட்டினீர்கள்? எல்லாம் அவனிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தபோது என் பங்கை நான் வாங்கிக்கொள்ளவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு வீம்பு இருந்தால் இருக்கட்டும், வீம்போடேயே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு செய்தி. சாத்தப்பனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தன் ஆத்தா பெயர் என்று உங்கள் பெயரையே வைத்துவிட்டான், விசாலாட்சி. என் மகளுக்கு அந்தப் பெயரை வைக்க ஆசைப்பட்டு மாமியார் பெயரை வைத்தவள் நான். இதிலும் அவன்தான் ஜெயித்தான்.

அடுத்த மாதம் குழந்தைக்குக் காது குத்து. பள்ளத்தூருக்கு நானே பஸ் ஏறி வருகிறேன். கடைசி வரிசையில் உட்கார மாட்டேன். அவளுக்கு அயித்தை நான், என் மடி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே உட்காருவேன். என் மகள் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். வந்து கிள்ளினால் அவளையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். பிறகு தம்பியை உட்கார வைத்து, உங்களைப் பற்றி அவன் வைத்திருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கிக்கொள்வேன். அவனுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டுமோ கேட்கட்டும். சின்னப் பிள்ளையாக இருந்த என்னை நீங்கள் மடியில் வைத்திருந்த காலமெல்லாம் அவனிடம் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. பாதி கொடுப்பேன்.

ஒருநாள் நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பெயரால் உங்களை இனியும் கூப்பிடப் போவதில்லை, அயித்தை. அந்த உறவுக்கு வேறு வழி இருப்பதை உங்கள் பிள்ளை தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கிவிட்டான். இனி என் கையெழுத்து இதுதான்.

உங்கள் மகன் சாத்தப்பனுடைய ஆச்சி,
சிகப்பி
காரைக்குடி