இரண்டு நாள் பயணம் என்றாயே

அன்புள்ள சின்னவனுக்கு, அப்பா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்குத்தான் வலது கண்ணும் மங்கிவிட்டது. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பதினெட்டாம் தேதி ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு முறை அம்மா தள்ளிப்போட்டாயிற்று. கட்டைப் பிரிக்கும்போது சின்னவன் எதிர்ல நிக்கணும், இல்லாட்டி நான் வரலை என்கிறாள். இனியும் தள்ளினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நீயோ, போக ரெண்டு நாள் வர ரெண்டு நாள், நாலு நாள் லீவுல எங்கேம்மா வர்றது என்று போனில் சொன்னாயாம். அவள் நம்பிவிட்டாள். நான் நாற்பது வருஷமாக அளவெடுத்துத் தைக்கிறவன், பிறர் சொல்லும் அளவை நம்பித் துணி வெட்டியதில்லை. முதலில் சுவரில் மாட்டிய உலகப் படத்தில் டேப்பை வைத்தேன், பதினாலாயிரம் கிலோமீட்டர் வந்தது. இவ்வளவு தூரமா, பரவாயில்லை, பையன் பொய் சொல்லவில்லை என்று ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது, உருண்டையான இடுப்பை யாராவது மரஸ்கேலால் அளப்பார்களா? பேண்ட் இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்த பூகோள வாத்தியாரிடம் பூமி உருண்டையைக் கேட்டு வாங்கி, நாங்கள் பிழைக்க வந்த இந்தக் குளிர்நாட்டிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உன் ஊர்வரை நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் வடக்கே பனிக்கட்டிப் பக்கம் ஏறி இறங்கியது. உருண்டையின் வயிற்றுச் சுற்றளவோடு கணக்குப் போட்டால் ஒன்பதாயிரம்தான். மணிக்குத் தொள்ளாயிரம் என்றால் பத்து மணி நேரம், ஏற இறங்க ஒன்று. டிக்கெட் கடைப் பெண்ணும், நேரா போற ஃப்ளைட் தினமும் இருக்கு தாத்தா, பதினோரு மணி நேரம்தான் என்றாள். உன் அக்கா உனக்கு வக்கீல். ஏர்போர்ட்ல காத்துக் கிடக்கறத எந்த டேப்பால அளப்பீங்க என்று கேட்டாள். அதற்கும் ஐந்து மணி நேரம் தாராளமாகவே விட்டேன். அப்போதும் ஒரு நாள் ஆகவில்லை. மிச்சம் எங்கே போனது?

எனக்குத் தெரியும். போன முறை கடையில் ஆட்கள் முன்னால் உன்னை விருந்தாளி என்றேன், நீ மறுநாளே பெட்டியைக் கட்டினாய். சொன்னது சொன்னதுதான், திருப்பி வாங்க மாட்டேன். ஆனால் என் வாய்க்காக அவள் கண் போகக் கூடாது. நீ இருக்கும் இரண்டு நாளும் நான் கடையிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரிப் பக்கமும் வர மாட்டேன். சாவி அக்காவிடம் இருக்கும். நீ வந்து அவள் எதிரில் நில், போதும்.

நீயும் உன் வீடும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் காலாவதி என்று மட்டும் எழுதிவிடாதே. போன முறை நீ குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன், இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா