கருவாட்டுச் சாக்கில் சவாசனம்

நேற்றுப் பின்னேரம் முற்றத்துக் கொடியில் ஊதா நிறத்தில் ஒரு றப்பர் பாய் காய்ந்துகொண்டிருந்தது. பேத்தியுடையது. பல்கலைக்கழகத்தில் பரீட்சை நெருங்குகிறதாம். பிள்ளைகளின் மனம் களைத்துப் போகாமல் இருக்க யோகாசன வகுப்பு நடத்துகிறார்களாம். அதற்குப் போகிறவர்கள் இப்படி ஒரு பாய் கொண்டுபோக வேண்டுமாம். கிட்டப் போய் மணந்து பார்த்தேன். புதுச் சப்பாத்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தனியே நின்று சிரித்தேன். நீ எனக்கு விரித்துப் போட்ட பாயின் மணம் இதுவா? அது கருவாடு கட்டி வந்த சாக்கு. மூன்று தரம் தோய்த்தும் மணம் போகாத சாக்கு.

நீ போய் மூன்று மாதமாகிறது. நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தாருங்கள் என்று உன் மகள் கேட்டாள். இன்னும் எழுதவில்லை. எழுதினால் ‘எல்லோருடனும் இன்முகத்தோடு பழகியவர்’ என்று தொடங்க வேண்டி வரும். நீ எப்போது இன்முகத்தோடு பழகினாய்? காலையில் எழும்பினால் பத்து மணி வரைக்கும் ஒருவரோடும் பேசமாட்டாய். ஆகையால் மலருக்கு எழுதாமல் இதை உனக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நம் இருவருக்கும் பத்தொன்பது வயது. நெடுந்தீவிலிருந்து பட்டினத்துக் கல்லூரிக்கு உயர்தரம் படிக்க வந்து, ஒரே வீட்டில் ஒரே அறையில் இருந்தோம். திங்கள் விடிய மோட்டார் வள்ளத்தில் குறிகட்டுவான் துறை, அங்கிருந்து பஸ். வெள்ளி பின்னேரம் அதே வழியால் திரும்பி வருவோம். எங்கள் வீடு மாடு வளர்க்கும் வீடு, உங்கள் வீடு வலை வீசும் வீடு. எனக்குக் கோயில், உனக்குச் சேர்ச். சண்டை பிடிக்க இதைவிட வேறு காரணம் நமக்குத் தேவைப்படவில்லை.

ஊரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லாருக்கும் நான் ‘டொக்குத்தர்’. அங்கே ஒருவருக்குக் கடும் வருத்தம் வந்தால் வள்ளத்தில் கிடத்தித்தான் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போனவர்களில் சிலர் அதே வள்ளத்தில், வெள்ளைத் துணியால் மூடித் திரும்பி வருவார்கள். ஆகவே ஊருக்குச் சொந்தமாக ஒரு டொக்குத்தர் தேவைப்பட்டது. எட்டாம் வகுப்பில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் முதலாவதாக வந்த குற்றத்துக்காக என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் யாராவது என்னை அப்படிக் கூப்பிடும்போது அவருடைய முதுகு கொஞ்சம் நிமிரும். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

முதல் தரம் பரீட்சைக்குப் போனேன். பௌதிகவியல் வினாத்தாளைப் புரட்டியதும் கை இரண்டும் குளிர்ந்தன. நெஞ்சு அடித்த அடி பக்கத்து மேசைக்குக் கேட்டிருக்கும். மூன்று மணித்தியாலம் முடிந்து விடைத்தாளை வாங்கிக்கொண்டு போனபோது, அதில் என் பரீட்சைச் சுட்டெண் மட்டும் இருந்தது. பிள்ளைக்கு அன்று வயிற்றோட்டம் என்று அம்மா ஊரைச் சமாளித்தார். ஊரும் பெருந்தன்மையாக அடுத்த தரம் பார்ப்போம் என்றது.

இரண்டாம் தரத்துக்குப் படிக்கத் தொடங்கியபோது நித்திரை போய்விட்டது. சோறு தொண்டைக்குள் இறங்காது. ஒரே பக்கத்தை ஒன்பது தரம் வாசிப்பேன். அந்தக் காலத்தில் இதற்கு யாரும் ஒரு பெயர் வைத்திருக்கவில்லை. “படிச்சுப் படிச்சு மூளை காய்ஞ்சுபோச்சு, தலைக்கு நல்லெண்ணெய் வை” என்றார்கள். வைத்தேன். தலையணைதான் நாசமானது.

வெள்ளிக்கிழமை வள்ளத்தில் ஏறினால் நேரே பின்பக்கம் போய், இயந்திரம் கிளப்பும் நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது ஒளித்து என்ன செய்வது? ஊர் போய்ச் சேரக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அங்கே நிற்பேன். அந்த நினைவை ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் நீ அந்தச் சாக்கோடு வந்தாய். வள்ளத்தின் நடுவில், பலகைகளுக்கு இடையில் அதை விரித்தாய்.

“மச்சான், படு.”

“எங்கை?”

“இதிலைதான். உன்ரை வருத்தத்துக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டன்.”

“விசர்க்கதை கதையாதை. சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடக்கப்போறாய், உனக்கென்ன தெரியவே போகுது?”

பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கிய யோகாசனப் புத்தகம். அட்டையும் இல்லை, முதல் அறுபது பக்கமும் இல்லை. எஞ்சியிருந்தவை இரண்டே இரண்டு. பிணம்போல் அசையாமல் கிடக்கும் சவாசனம். அப்படிக் கிடந்தபடி மூச்சை எண்ணும் பயிற்சி.

திருப்பலியில் வாசகம் வாசிக்கிறவன் மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாய். கால் விரலைத் தளர விடு, கணுக்காலைத் தளர விடு, முழங்காலைத் தளர விடு. பிறகு என் தலைமாட்டில் சம்மணம் கட்டி இருந்து, காற்சட்டைப் பையிலிருந்து உன் அம்மாவின் செபமாலையை எடுத்தாய். ஒரு மூச்சுக்கு ஒரு மணி. பத்து மூச்சு முடிந்தால் பெரிய மணியில் கொஞ்சம் நிற்பாய், பிறகு அடுத்த பத்து.

“உன்ரை அம்மா தேடமாட்டாவே?” என்றேன் கண்ணைத் திறக்காமல்.

“அவ ஞாயிற்றுக்கிழமைதான் தேடுவா. மூச்சை விடு.”

வள்ளம் ஓட்டுகிற அண்ணை சத்தம் போட்டுக் கேட்டார். “தம்பி, அவருக்கு என்ன வருத்தமே?”

“ஓம் அண்ணை, கொஞ்சம் தலையிடி.”

“அப்ப நீர் என்ன செய்யிறீர்?”

“நான் சும்மா இருக்கிறன்” என்றாய்.

முதல் நாலு கிழமையும் எனக்குக் கிடைத்த பலன் கருவாட்டு மணம் மட்டும்தான். அறை வாடகைக்குத் தந்த அக்கா, என் சேட்டுகளைத் தன் வீட்டு உடுப்போடு சேர்த்துத் தோய்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் கிழமை, மூன்றாம் பத்துக்குள் எங்கோ நித்திரையாகிவிட்டேன். நீ எழுப்பியபோது வாயோரம் எச்சில் வடிந்திருந்தது, ஊரும் வந்திருந்தது. அதற்குப் பிறகு அறையிலும் விடியவும் பொழுதுபட்ட பிறகும் படுக்கச் செய்தாய். உன் தாவரவியல் பாடம் கிடந்து காயும், நீ என் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாய்.

பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கையில் அந்தக் கூத்து நடந்தது. அன்றைக்கு மேற்கு வெயில் நேரே முகத்தில் அடித்தது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, நீ பைக்குள் இருந்த வெள்ளை வேட்டியை எடுத்து என்னைத் தலையிலிருந்து கால்வரை மூடிவிட்டாய். பிறகு வழக்கம்போலத் தலைமாட்டில் இருந்து, தலையைக் குனிந்து செபமாலையை உருட்டத் தொடங்கினாய். கொஞ்ச நேரத்தில் எனக்கு நித்திரை. எங்கள் ஊர் மாவிலித்துறையில் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று உனக்குப் படவே இல்லை. உன் கவனமெல்லாம் எண்ணிக்கையில்.

துறையில் சைக்கிளோடு நின்ற ஒருவர் குனிந்து பார்த்துக் கேட்டாராம், “ஆர் தம்பி அது?”

நீ தலையை நிமிர்த்தாமலே சொன்னாயாம், “எங்கடை டொக்குத்தர்தான்.”

வள்ளம் கட்ட முன்னமே அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

நமக்கு ஒன்றும் தெரியாது. நான் எழும்பி முகம் கழுவி, இரசாயனவியல் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உன்னோடு நடந்து வந்தேன். கல்வேலிகளுக்கு நடுவே எங்கள் ஒழுங்கை திரும்பும் இடத்தில் அம்மா ஓடி வந்தார். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. பின்னால் ஐந்தாறு பெண்கள். ஒருவர் ஒப்பாரியைத் தொடங்கியும் விட்டார். என்னைக் கண்டதும் பாட்டு பாதியில் நின்றது. அம்மா அப்படியே நின்று பார்த்தார். கிட்ட வந்து என் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். பிறகு ஓங்கி ஓர் அறை. இரண்டாவது அறை உனக்கு.

“அறுந்தவங்களே! என்ரை உயிர் போயிட்டுதடா!” என்று கத்திவிட்டு, என்னைப் பிடித்துக்கொண்டு அந்தப் புழுதியில் இருந்துவிட்டார்.

அதற்குப் பின்னால் அப்பா வந்தார். மாடு அவிழ்க்கப் போன இடத்தில் செய்தி கேட்டிருக்கிறார், கயிறு கையிலேயே இருந்தது. ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக என்னோடு நீளமாகப் பேசினார்.

“டொக்குத்தரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நடந்து வந்தியே மோனை, அது போதும்.”

நான் அழுதேன். நீ என் பையைப் பிடித்துக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பி நின்றாய். வள்ளத்தின் பின்பக்கத்தில் நின்று நான் நினைத்தது நடந்திருந்தால் அந்த ஒழுங்கை எப்படி இருந்திருக்கும் என்பதை அன்றைக்கு உயிரோடு நின்று பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் நான் அந்த இடத்தில் போய் நிற்கவில்லை.

பௌதிகவியல் பரீட்சை அன்று விடிய, செபமாலையை என் காற்சட்டைப் பைக்குள் போட்டாய். “அம்மாட்டைச் சொல்லாதை” என்றாய். வினாத்தாளைப் புரட்டினேன். பழையபடி கை குளிர்ந்தது. பேனையை மேசையில் வைத்தேன். பைக்குள் கையை விட்டு ஒரு பத்து, பெரிய மணியில் நின்று, இன்னொரு பத்து. கண்ணைத் திறந்தபோது எழுத்துகள் இருந்த இடத்தில் இருந்தன. எழுதினேன். உன் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடியதை நினைத்தால் இப்போதும் வெட்கம்.

வைத்திய பீடம் கிடைக்கவில்லை. விஞ்ஞான பீடம் கிடைத்தது. முப்பத்தைந்து வருடம் இரசாயனவியல் படிப்பித்தேன். ஊர் மட்டும் ‘டொக்குத்தர்’ பட்டத்தைத் திருப்பி எடுக்கவே இல்லை. பரீட்சை மண்டபத்தில் வெளிறிப்போய் இருக்கும் பிள்ளைகளைக் கண்டால், பேனையை வைத்துவிட்டுப் பத்து மூச்சு எண்ணச் சொல்வேன். அதில் எத்தனை பேர் தேறினார்கள் என்று தெரியாது. பேனையைத் திருப்பிக் கையில் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ இரண்டு பாடத்தில் மட்டும் தேறி, கப்பலில் வேலைக்குப் போய், எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டில் தங்கிவிட்டாய். என் மூச்சை எண்ணிய நேரத்துக்கு உன் பாடத்தைப் படித்திருந்தால் என்று பல தரம் நினைத்திருக்கிறேன். கேட்டால் நீ திட்டுவாய் என்று கேட்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் மகள் தொலைபேசியை உன் காதில் வைத்தாள். உனக்கு மூச்சு வாங்கியது. இனித் தள்ளிப்போட ஏலாது என்று, அத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். உன்ரை யோகாசனம்தான் என்னைக் காப்பாற்றியது என்றேன்.

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்ற பிறகு சொன்னாய்.

“யோகாசனமோ? அதிலை எனக்கு என்ன மச்சான் தெரியும்? நீ வள்ளத்துப் பின்பக்கத்திலை நிண்ட நிலை எனக்குப் பிடிக்கேல்லை. கேட்டால் சொல்லமாட்டாய். படுத்துக் கிடக்கிறவன் விழமாட்டான் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்.”

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அந்த அறுபது பக்கமும் நான்தான் கிழிச்சனான்” என்றாய். “நிண்டு செய்யிறதெல்லாம் அதுக்குள்ளைதான் கிடந்தது.”

நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்திருந்தேன். நீ எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, ஒரு சொல் கேட்காமல், ஒரு சாக்கோடு வந்திருக்கிறாய். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு ஆயுள் பிடித்தது. நன்றி என்ற சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் பார்த்த ஒவ்வொரு விடியலுக்கும் உனக்கு நன்றி.

தொலைபேசியில் உனக்குத் திரும்பவும் மூச்சு வாங்கியது. பிறகு, “எண்ணு மச்சான்” என்றாய்.

எண்ணினேன். பத்து. பெரிய மணி இருக்கும் இடத்தில் நின்றேன். அடுத்த பத்து. என்னிடம் மாலை இல்லை, விரலைப் பிடித்து எண்ணினேன். ஐந்தாம் பத்தில் உன் மகள் தொலைபேசியை எடுத்து மெதுவாகச் சொன்னாள், “அங்கிள், அப்பா நித்திரையாயிட்டார்.” நாம் பேசியது அதுதான் கடைசி.

நேற்றுப் பொழுதுபட, பேத்தி அந்த ஊதாப் பாயைக் கூடத்தில் விரித்தாள். அவளும் சில நாளாகச் சோற்றை அளைந்துவிட்டு எழும்புகிறாள். கேட்டால் “ஒண்டுமில்லை” என்கிறாள். ஒன்றுமில்லை என்பதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அவள் தலைமாட்டில் நிலத்தில் இருந்தேன்.

அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். “அம்மப்பா, இதுக்கு ஆள் தேவையில்லை. தனியச் செய்யலாம்.”

“தெரியும் பிள்ளை” என்றேன். “நான் சும்மா இருக்கிறன்.”